கடைசிப் பந்தி

“பன்னிரண்டரை ஆகிட்டு. அக்கா, இந்தப் பருப்பு வாளியப் பிடிங்க.”

இரத்தினம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. கொட்டாஞ்சேனை வேதக்கோயில் மண்டபத்தின் வாசலில், சிலுவைக்குக் கீழே, அவள் மட்டும்தான் நின்றாள். மற்ற எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

வரிசையில் நிற்கத்தான் அவளும் வந்தாள். வீடு வாசல் இல்லாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே சோறு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். முந்தின நாள் மத்தியானம் தின்ற பணிஸுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் வரிசையைக் கண்டதும் கால் நகரவில்லை. வொயில் சேலையும் கைப்பையுமாக வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நான் வந்து...”

“புதுசு. தெரியுது. நான் சிறில். வாளி கனக்கும், பாத்து.”

ஒல்லியான மனிதன். மேலே பேச அவளுக்கு இடம் கொடுக்கவில்லை.

“ஆளுக்கு ஒரு கரண்டி. மறுபடி கேட்டா சிரிங்க. போடாதீங்க.”

வாளியை வாங்கியபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஊரில் கோயில் மடத்தில் எத்தனையோ அன்னதானத்துக்குப் பரிமாறியிருக்கிறாள். ஒருநாளும் அந்தப் பந்தியில் இருந்து சாப்பிட்டதில்லை. முதல் வாங்கில் இருந்தவர்களுக்குப் போட்டு முடிந்த பிறகுதான் யோசனை வந்தது. வாளி பிடித்த கையால் இனி எப்படித் தட்டை ஏந்துவது?

பக்கத்தில் அப்பளம் வைத்துக்கொண்டு வந்தவர் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். சட்டைப் பையில் பேனை. பெயர் நாகேந்திரம் என்றார்.

“பிள்ளை எவடம்?”

“கொக்குவில்.”

“இங்க எங்க இருக்கிறியள்?”

“வெள்ளவத்தையில.”

வியாழக்கிழமைவரை அது உண்மை. வடக்கு ஆட்களை வைத்திருக்க ஏலாதாம், பொலிஸ் உத்தரவாம் என்று சொல்லி லொட்ஜ்காரர் அன்றைக்கு அவளுடைய பையை வெளியே வைத்தார். மன்னிப்பும் கேட்டார். ஊருக்குப் போகலாமென்றால், சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டி ஒரு வருஷமாகப் போகிறது. அன்றிலிருந்து பெரியாஸ்பத்திரி வாங்கில் படுக்கிறாள். அங்கே எல்லோரையும் நோயாளியின் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

“வெள்ளவத்தை நல்ல இடம். நான் பம்பலப்பிட்டி. ஸ்டேசனடி.”

“சொந்த வீடோ?”

“இடம் விசாலம்,” என்றார் நாகேந்திரம். “ரயில் சத்தம்தான் கொஞ்சம் கரைச்சல்.”

காலில் துணி சுற்றியிருந்த கிழவர் ஒருவர் தட்டை நீட்டினார்.

“கரண்டிய நெறச்சுப் போடு தாயி. உங்க வீட்டுப் பருப்பா கொறையப் போவுது?”

இரத்தினம்மா சிரித்தாள். கரண்டி தானாகவே நிறைந்துவிட்டது.

“அக்கா!” என்று சிறில் மண்டபத்தின் மறுகோடியிலிருந்து கத்தினான்.

“அந்த மகராசிக்குப் புண்ணியம். உனக்கென்னடா?” என்றார் கிழவர்.

மகராசிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் சாய்ந்து நின்றாள். சிறில் வந்து வாளியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான்.

“தம்பி, பரிமாறுற ஆக்கள் பிறகு என்ன செய்யிறவை?”

“கடைசிப் பந்தியில இருப்பம். மிஞ்சினா.”

“மிஞ்சுமோ?”

“பின்ன எதுக்கு ஒரு கரண்டி எண்டு சொன்னன்?”

அதற்குப் பிறகு அவளுடைய கரண்டி நிறையவே இல்லை. இரண்டாம் தரம் கேட்டவர்களைப் பார்த்து அழகாகச் சிரித்தாள்.

எல்லோரும் போனதும் குசினியிலிருந்து முக்காடு போட்ட ஒரு பெண் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிறில் அவளை றமீலா என்று கூப்பிட்டான். மூதூர்ப் பக்கமாம். வேதக்கோயில் குசினியில் சோனகப் பெண். கொழும்பு இப்படித்தான் போல என்று இரத்தினம்மா நினைத்துக்கொண்டாள்.

சிறில் மேசையில் நான்கு தட்டுகளை வைத்தான்.

“எனக்கு வேண்டாம்,” என்றாள் இரத்தினம்மா. “வீட்டில சமைச்சுக் கிடக்கு.”

அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது. ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அப்படித்தான் சொல்ல வேண்டும். அவர்கள் விடமாட்டார்கள். மறுபடி மறுக்க வேண்டும். மூன்றாம் தரம் உட்கார வேண்டும்.

“அப்ப சரி,” என்று சிறில் ஒரு தட்டை எடுத்தான்.

இரத்தினம்மாவின் பார்வை தட்டோடு போனது.

“தட்டை வையும் சிறில்,” என்றார் நாகேந்திரம். “யாழ்ப்பாணத்து ஆக்கள் மூண்டு தரம் கேட்டால்தான் இருப்பினம். ஒருக்கா நீர் கேட்டாச்சு. மற்ற ரெண்டையும் நான் கேக்கிறன். இருங்கோ பிள்ளை. இருங்கோ.”

இருந்தாள். சோற்றைப் பிசைந்து முதல் கவளம் உள்ளே போகும்வரை எதையும் பார்க்கவில்லை. மற்றவர்களும் சாப்பிட்டார்கள். தட்டு வெறுமையான பிறகு, நன்றியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“நான் சைவம். எண்டாலும் சொல்லத்தான் வேணும். வேதக்கோயில் ஆக்களுக்குப் பெரிய மனசு. ஆரெண்டு தெரியாத என்னையும் உங்களில ஒராளாச் சேத்திட்டியள்.”

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“கோயில் ஆக்கள் அரிசி தருவாங்க, மண்டபத்துச் சாவி தருவாங்க,” என்றான் சிறில். “மாசி மாசம் பொலிஸ் ரவுண்டப்பில வரிசையில நிண்டவங்களோட சேத்து, பரிமாறின கோயில் ஆக்களையும் பஸ்ல ஏத்திட்டாங்க. அதோட பரிமாற வாறதில்ல.”

“இப்ப வரிசைக்கு வர வெக்கப்பட்டு வாசல்ல நிக்கிற ஆளப் பாத்துத்தான் வாளியக் குடுக்கிற,” என்றாள் றமீலா, மிச்சச் சோற்றை நான்கு பார்சலாகக் கட்டிக்கொண்டே. “முதல்ல இவங்க ரெண்டு பேரும் நிண்டாங்க, பொறகு நான் நிண்டன். நீங்க ராவைக்கு எங்க படுக்கிறீங்க, அக்கா?”