தேதி இல்லாத தேடல்

காலை பத்து பதினேழுக்குச் சர்வரின் பிராசசர் பயன்பாடு தொண்ணூற்றெட்டு சதவீதத்தைத் தொட்டது. மாநிலத்தின் தெருக் கேமராக்கள் முப்பது வருடங்களாகப் பார்த்த முகங்கள் எல்லாம் அந்தச் சர்வரில் இருந்தன. காணாமல்போனவர்களை யார் வேண்டுமானாலும் அதில் தேடலாம். இப்போது நானூறு பேர் காத்திருந்தார்கள்.

"மெஷின் பத்தலை. புதுசு கேப்போம்," என்றார் மேலாளர் அருளப்பன்.

"ஃபேன் நின்னாக்கூட நீங்க புது ஆபீஸ் கேப்பீங்க சார்," என்றாள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தாட்சாயணி.

ஓடிக்கொண்டிருந்த தேடல்களை, அவை எடுத்துக்கொண்ட நேரப்படி வரிசைப்படுத்தினாள். முதல் வரியிலேயே காரணம் இருந்தது. ஒரே ஒரு தேடல் ஒன்பது நாட்களாக ஓடியது. அதில் தேதிக் கட்டம் காலியாக இருந்தது. அதனால் அது முப்பது வருட முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. பார்த்து முடிப்பதற்குள் புது முகங்கள் வந்து சேர்ந்தன.

நிறுத்த ஒரு பொத்தான் போதும். ஆனால் ஆளைக் கேட்காமல் அவள் எதையும் நிறுத்தியதில்லை. விண்ணப்பத்தில் மதலைமுத்து, தூத்துக்குடி, காணாமல்போனவர் மகள் என்றிருந்தது. போனில் கூப்பிட்டாள்.

"ஐயா, உங்க மகளைக் கடைசியா என்னைக்குப் பாத்தீங்க? அந்தத் தேதியை மட்டும் போடுங்க. அதுக்கு முன்னாடி தேட வேண்டாம். ரெண்டே நிமிஷத்துல பதில் வந்துரும்."

"தேதி தெரியும்மா. போன தடவ போட்டேன். ரெண்டே நிமிஷத்துல இல்லன்னு சொல்லிட்டுது. இப்ப தேடிக்கிட்டுல்லா இருக்கு, அத நிறுத்தவா சொல்லுதிய?"