பேக்கரி ஸ்டாப்

ஒரு டீக்கும் ஒரு பழபஜ்ஜிக்கும் ஊர்ப் பேரையே விற்றுவிட்டார்கள் என்பதுதான் ராஜையன் சாருக்குக் கோபம்.

அருமனைக்குப் போகிற பஸ் குளத்தங்கரை வளைவில் நிற்கும். முன்பெல்லாம் கண்டக்டர், "பிள்ளைமுங்கி எறங்கு" என்று குரல் கொடுப்பார். ஆறு மாதமாக எல்லாரும் "பேக்கரி ஸ்டாப், பேக்கரி ஸ்டாப்" என்கிறார்கள். காரணம் ஊருக்கே தெரியும். ஸ்டாப்பில் பேக்கரி வைத்திருக்கும் பெனிஷ், அந்த வழியாகப் போகிற கண்டக்டர், டிரைவர் அத்தனை பேருக்கும் டீயும் பழபஜ்ஜியும் சும்மா கொடுக்கிறான்.

ராஜையன் சார் நாகர்கோவிலில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வீடு கட்டிக் குடிவந்து நாலு வருடம் ஆகிறது. வந்த நாளிலிருந்து சுற்றுவட்டாரத்து ஊர்ப் பேர்களையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளைமுங்கிக்கு மட்டும் அதில் நாலு பக்கம். வேணாட்டு ராணி ஒருத்தியின் பிள்ளை இந்தக் குளத்தில் முங்கிச் செத்துப் போயிருக்க வேண்டும், பேருக்கு வயது அறுநூறுக்குக் குறையாது என்று சர்ச் ஆண்டு மலரில் கட்டுரையும் எழுதினார். ஆண்டு மலரில் தங்கள் போட்டோவைத் தவிர வேறு எதை யார் பார்க்கிறார்கள்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சார் நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் நேராகப் பேக்கரிக்கே போய்விட்டார்.

"என்னடே பெனிஷ், விளம்பரம் வேணும்னா பெரிசா ஒரு போர்டு வை. அறுநூறு வருசத்துப் பேரை ஏன் அழிக்கிற?"

பெனிஷ் டீ ஆற்றிக்கொண்டே, "விளம்பரத்துக்கு இல்ல சாரே" என்றான்.

"பின்ன? பஜ்ஜி மிஞ்சிப்போச்சோ?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெனிஷும் சிரிக்கப் பார்த்தான்.

"எனக்க கடைப் பேரு பிடிக்கல்லன்னா வேண்டாம் சாரே. சர்ச் ஸ்டாப்னு வையுங்க. பள்ளிக்கூடம் ஸ்டாப்னு வையுங்க. கண்டக்டர்மாருகிட்ட நானே சொல்லுதேன். பழைய பேரு மட்டும் வேண்டாம்."

"அதுதான் ஏன்னு கேக்கேன்."

பெனிஷ் பெஞ்சில் இருந்தவர்களை ஒரு தடவை பார்த்தான். "அது எனக்க காரியம் இல்ல சாரே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

பதில் இல்லாதவன் நழுவுகிறான் என்று சார் முடிவு கட்டினார். அன்று சாயந்திரமே டெப்போவுக்கு மனு எழுதினார். கட்டணப் பட்டியலில் என்ன பேர் இருக்கிறதோ அதைத்தான் கூப்பிட வேண்டும், டீக்கடைக்காரன் சொன்ன பேரை அல்ல. மூன்றாவது மனுவுக்கு உத்தரவு வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸே "பிள்ளைமுங்கி" என்று கூவிக்கொண்டு வந்து நின்றது. சார் தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று காது குளிரக் கேட்டார்.

பெனிஷ் ஒவ்வொரு பஸ்ஸாக ஓடிப் போய்க் கெஞ்சிப் பார்த்தான். "மேலிடத்து உத்தரவு மக்கா, நாங்க என்ன செய்ய?" என்றார்கள். ஒரு வாரத்தில் ஓசி டீயும் நின்றது.

"பாத்தீங்களா, எல்லாம் வியாபாரம்" என்றார் சார்.

யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பின்னால் எத்தனையோ தடவை அவர் இதை நினைத்து நொந்துகொண்டார். குளத்தைச் சுற்றி நாற்பது வீடுகள். பத்துப் புத்தகம் புரட்டியவர் ஒரு வீட்டு நடையில்கூட ஏறிக் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே ஒரு அம்மாள் கேட்டைத் தாண்டிப் போனாள். சத்தியபாய். அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள். அறுபதை நெருங்கும் வயது, ஒரு காலை லேசாக இழுத்து நடப்பாள். கொஞ்ச நாளாகவே அவள் முந்தின ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவதை சார் கவனித்திருந்தார். உள்ளே கூப்பிட்டு வராந்தாவில் நிற்கச் சொன்னார்.

"ஏம்மா, பஸ்ஸு குளத்தங்கரையிலேயே நிக்குமே. முந்தின ஸ்டாப்புல எறங்கி இம்புட்டு தூரம் நனைஞ்சிட்டு வரணுமா?"

"எனக்கு இது பழக்கம்தான் சாரே. எடையில ஒரு ஏழெட்டு மாசம் குளத்தங்கரையில எறங்கினேன். பெனிஷ் கண்டக்டர்மாருக்கு டீ குடுத்துப் பேரை மாத்தி வச்சிருந்தாம்லா, அப்போ."

சாருக்கு விளங்கவில்லை. "பேரு மாறினா என்ன? பஸ்ஸு நிக்கிற எடம் ஒண்ணுதானே?"

சத்தியபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மழையைப் பார்த்தாள்.

அதோடு அவர் விட்டிருக்கலாம். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா?

"பிள்ளைமுங்கின்னா லேசுப்பட்ட பேரு இல்லம்மா. அதுக்கு அறுநூறு வயசு. தெரியுமா?"

"இல்ல சாரே" என்றாள். குரலில் கோபமே இல்லை. "போன மே மாசத்தோட இருபத்திநாலு வருசம் ஆச்சு. எனக்க மோன் டெல்வினுக்கு அன்னைக்கு ஏழு வயசு."