பேத்தல் பிறந்த கதை

அகராதி அலுவலகத்தில் ஒரே ஒரு காலியிடம். நேர்முகத்துக்கு வந்து நின்றவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் முனைவர். கோட்டு, கோப்பு, கனைப்பு எல்லாமே பலமாக இருந்தன.

இன்னொருத்தி ஒன்பது வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். மாதக் கடைசியில் அச்சகத்தை மூடுகிறார்கள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் வீட்டோடு உட்கார வேண்டியதுதான்.

இருவரையும் ஒன்றாகவே உட்கார வைத்தார் தலைமைப் பதிப்பாசிரியர்.

“பேத்தல்னு ஒரு பழைய சொல். இப்ப யாரும் அதிகமா சொல்றதில்லை. அர்த்தம் என்ன? எப்படி வந்தது?”

முனைவர் முந்திக்கொண்டார். “அர்த்தமில்லாத உளறல், சார். அந்தக் காலத்துல பேத்தன்னு ஒரு அரண்மனைத் தூதுவன். வாயைத் திறந்தா பொய்தான். அவன் பேரே அப்படிப்பட்ட பேச்சுக்கு நிலைச்சுடுச்சு.”

“எங்கே படிச்சீங்க?”

“படிக்கிறதா? ஓலைச்சுவடியில நானே கண்டுபிடிச்சேன், சார். மூணு வருஷ உழைப்பு!”

பதிப்பாசிரியர் உச்சி குளிர்ந்தவர்போலத் தலையாட்டினார். “நீங்க சொல்லுங்கம்மா.”

நானும் அதையேதான் படித்தேன் என்று ஒத்து ஊதிவிட்டால் என்ன? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒன்பது வருஷப் பழக்கம் விடவில்லை.

“அந்தக் கதை உங்க அகராதியிலதான் இருக்கு, சார். வேற எங்கேயும் ஆதாரம் கிடைக்கலை. எப்படி வந்ததுன்னு எனக்குத் தெரியாது.”

“அகராதிக்காரங்களுக்கும் என் சுவடி கிடைச்சிருக்கும்மா!” என்று சிரித்தார் முனைவர்.

வேலை போச்சு என்று அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

“உட்காருங்கம்மா. வேலை உங்களுக்குத்தான்.” பதிப்பாசிரியர் முனைவர் பக்கம் திரும்பினார். “அந்தப் பேத்தனைப் பெத்ததே நான்தான், ஐயா. எங்க அகராதியைப் பார்த்துக் காப்பியடிக்கிறவங்களைப் பிடிக்க, போன பதிப்புல நானா கட்டிவிட்ட கதை. உங்களுக்கு அதுக்குச் சுவடியே கிடைச்சிருக்கு!”

முனைவர் கோப்பைக்கூட எடுக்காமல் வெளியேறினார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் நேர்மைக்கு இப்படியொரு மரியாதையா! அந்த மனுஷரைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

“அப்படின்னா, அடுத்த பதிப்புல அந்தக் கதையை எடுத்துடலாமா, சார்?”

“எடுக்கிறதா?” பதறிப்போனார் அவர். “எனக்கு ஆராய்ச்சி விருது வாங்கிக் கொடுத்த கதைம்மா அது! நாளைக்கே வந்து சேருங்க. முதல் வேலையா அதுக்கு ரெண்டு ஆதாரம் தேடிப் பிடிக்கணும்.”