எட்டுப் பேர் செய்த சத்தியம்

“யார் கேட்டாலும் அவள நமக்குத் தெரியாது. அவ கையில இருந்தத நாம பாத்ததே இல்ல. அடிங்க சத்தியம்!”

எரிந்த கற்பூரத்தின் மேல் எட்டுப் பெண்களும் ஒருவர் பின் ஒருவராகக் கையடித்தார்கள். கடைசியாக அடித்த நவமணிக்கு உள்ளங்கை சுட்டது.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டா கடத்திய கூட்டமல்ல அது. டானிக் விற்ற கூட்டம்.

மலாயாவில் அவசரகாலத்தின் நான்காம் வருடம். செர்டாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி. பினாங்கிலிருந்து வந்த ஒரு கம்பெனிக்காரன், தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணியார் மனைவி பிரேமாவதியைப் பிடித்து ரத்தவிருத்தி டானிக் வியாபாரத்தை ஆரம்பித்து வைத்தான். சேருகிறவள் நாலு பாட்டில் வாங்க வேண்டும், மூன்று பேரைச் சேர்த்துவிட வேண்டும். அவர்கள் ஆளுக்கு மூன்று பேரைச் சேர்த்தால் மேலே இருப்பவளுக்குத் தையல் மிஷின் வரும் என்றான்.

நவமணி இரண்டு பேரைச் சேர்த்துவிட்டாள். மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை.

ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் மற்ற ஏழு பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “உன் ஒருத்தியாலதான் எல்லாருக்கும் தடங்கல். ஒரு ஆளு சேக்க துப்பில்லையா?” அதற்கப்புறம் அவசரத்துக்கு ஒரு கை மிளகாய் கேட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டிய மருதம்மாளை நவமணி பிடித்துக்கொண்டது அப்படித்தான்.

“வேணாங்க்கா. இதக் குடிச்சா ரத்தம் ஊறும்னு நீங்க நம்புறீங்களா?”

நவமணி ஒரு பாட்டிலை அவள் கையில் வைத்து அழுத்தினாள். “எனக்காகச் சேரு மருதம்மா. இல்லைன்னா என்னைய ஒதுக்கி வச்சிருவாளுக.”

நவமணிக்காக அவள் சேர்ந்தாள்.

லயத்தில் வாங்க ஆள் மிச்சமில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இருந்த உறவுக்காரர்களிடம் விற்கலாமென்று, மருதம்மாள் பால் வாளிக்கு அடியில் நாலு பாட்டிலைத் துணி சுற்றி எடுத்துப் போனாள். வேலியைத் தாண்டி அரிசி போகக் கூடாது, மருந்து போகக் கூடாது என்று சட்டம். கேட்டில் காவல்காரன் வாளியைக் கவிழ்த்தான். “காட்டுக்குத்தானே கொண்டுபோறே?” என்று கேட்டான். ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

அன்று சாயங்காலம்தான் பிரேமாவதி வீட்டில் கற்பூரம் எரிந்தது.

மறுநாள் மருதம்மாளின் புருஷன் முருகையா வீடு வீடாக வந்தான். “அவளுக்கு பாட்டில் யாரு குடுத்தான்னு தெரியுமாக்கா?”

“தெரியாதுப்பா,” என்றாள் நவமணி.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. ரப்பர்க் காட்டில் மரத்தில் கத்தி வைத்தால், பக்கத்து நிரையில் யாரோ பால் பிடிக்கும் மங்கைத் துடைக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மழைத் தண்ணீர் தேங்கிய மங்குகள் மட்டும்தான். சோற்றில் கை வைத்தால் காதுக்குள் “வேணாங்க்கா” என்று கேட்டது. ரோட்டில் ஜீப் உறுமினால், ‘மருதம்மா சொல்லிட்டா, என்னைத்தான் பிடிக்க வர்றாங்க’ என்று மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஜீப் நிற்காமல் போய்விடும். அது இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாம் வாரம் போலீஸ் லயத்துக்கு வந்து துருவித் துருவி விசாரித்தது. அதன் பிறகு பிரேமாவதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். அடுத்த நாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டில், கூட்டத்தில் இரண்டு பேர் பல்வலி என்று லீவு கேட்டார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் நாலு பேர் இல்லை. எல்லாரும் கோயிலும் டவுனுமாக நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள், நாம் ஒருத்திதான் செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நவமணி நினைத்துக்கொண்டாள்.

அன்று முருகையா அவள் வாசலில் வந்து நின்றான். அழக்கூட இல்லை.

“கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பப் போறாங்களாம்க்கா. கைக்குழந்தையா இங்க வந்தவ. அங்க அவளுக்கு யாரு இருக்கா?”

மறுநாள் காலை நவமணி வேலைக்குப் போகவில்லை. பஸ் ஏறி டவுன் போலீஸ் நிலையத்தில் போய் நின்றாள். வெள்ளைக்கார அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் மஜீத் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார்.

“ஐயா, மருதம்மாகிட்ட இருந்த பாட்டில் என்னுது. வேணாம்னு சொன்னவ கையில நான்தான் திணிச்சேன். காட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. என்னைய வச்சிக்கிட்டு அவள விட்டுருங்க.”

“உங்க பேரும்மா?”

“நவமணி.”

மஜீத் பேனாவைக் கீழே வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

“உங்க தோட்டத்துலேர்ந்து ஏழு பொம்பளைங்க வந்துட்டுப் போயிட்டாங்க. முதல்ல வந்தது கிராணியார் சம்சாரம். கூட்டத்துக்குத் தலைவி நீங்கதானாம், பாட்டில் மொத்தமும் உங்களுதாம். ஆளாளுக்கு ரேகை வச்சிருக்காங்க. நாளைக்கு ஜீப் உங்க வீட்டுக்குத்தான் வர்றதா இருந்துச்சு.”

நவமணி தரையில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“அவள விட்டுருவாங்களா ஐயா?”

“நீங்க சொன்னத எழுதி தொரைகிட்ட வைக்கிறேன். விட்டுருவாங்கன்னுதான் நினைக்கிறேன்.”

“அது போதும். ஏழு பேரு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. மருதம்மாவும் என் பேரச் சொல்லித்தான் அழுதிருப்பா. அவ சொன்னா நியாயம்யா.”

மஜீத் ஃபைலை மூடினார்.

“இருபது நாளா கேட்டுப் பாத்துட்டோம்மா. உங்க பேரச் சொல்லாதது அவ ஒருத்திதான்.”