கேட்டாலும் கேட்காத மாதிரி

“உள்ளே போனதும் காதுல ஒண்ணு மாட்டிவிடுவாங்க. பீப், பீப்னு சத்தம் வரும். கேட்டாலும் கேட்காத மாதிரி இரு. பட்டனை மட்டும் அமுக்கிடாத.”

தையல்காரர் மகளின் காதோரம் கையைக் குவித்து, எதிர்வரிசையில் காத்திருப்பவர்களுக்கு எட்டாதபடி கிசுகிசுத்தார். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து, “சரியா?” என்றார்.

“சரிப்பா” என்று சிரித்தாள் மகள்.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொய் பேசிப் பழக்கமில்லாத மனிதர். தைத்தது போக மிஞ்சும் துண்டுத் துணியைக்கூடச் சுருட்டி உரியவரிடமே கொடுத்துவிடுவார். ஆனால் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த நாளிலிருந்து, கட்டணத்துக்கு வழி தேடி அலைந்துகொண்டிருந்தார். காது கேளாத மாணவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் கட்டும் அறக்கட்டளை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினார். லேசான மந்தத்துக்கெல்லாம் கொடுப்பதில்லை, புதிதாகப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மகளுக்கு இருப்பது லேசான மந்தம்தானே? சின்ன வயதில் பார்த்தபோது டாக்டர் அப்படித்தான் சொல்லி, ஒரு காதில் கருவி மாட்டிவிட்டார். அதோடு சரி. கடையில் தையல் மெஷினுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கொக்கி வைத்துத் தருவாள். அவருக்கு வாய் ஓயாது. வந்துபோன வாடிக்கையாளர்களைப் போலவே பேசிக் காட்டுவார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

“உங்க ரேடியோவுக்கு இருக்கிற ஒரே நேயர் அவதான்” என்பாள் மனைவி.

இவ்வளவு கேட்கிறவளுக்கு யார் பணம் தரப் போகிறார்கள்? அதனால்தான் இந்தக் கிசுகிசு.

பரிசோதனை அறை சின்னது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் மெஷின் முன்னால் பரிசோதனை செய்யும் பெண்.

“நானும் இருக்கலாமா மேடம்?”

“இருங்க சார். ஆனா பேசக் கூடாது.”

“நான் வாயே திறக்க மாட்டேங்க. வேணும்னா என் வீட்டுக்காரியைக் கேட்டுப் பாருங்க.”

அவள் சிரித்துவிட்டு மெஷினைக் காட்டினாள். “சத்தம் கேட்டா உங்க பொண்ணு பட்டனை அமுக்குவா. இந்த விளக்கு எரியும்.”

சொல்லி முடிப்பதற்குள் விளக்கு எரிந்தது.

தையல்காரருக்குத் திக்கென்றது. கை தவறிப் பட்டிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மறுபடியும் எரிந்தது. அப்புறம் விடாமல் எரிந்துகொண்டே இருந்தது. மகளோ அவர்கள் இருவரையும் பார்த்தபடி, கெட்டிக்காரப் பிள்ளை போல அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

“சத்தத்தை ரொம்பக் குறைச்சுட்டேன். இதுவும் கேக்குதா?” என்று அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கினாள்.

“கேக்கும்போல இருக்குங்க” என்றார் தையல்காரர், ஈனசுரத்தில்.

அரிச்சந்திரன் வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளை, வழி தவறித் தன் வீட்டில் வந்து பிறந்துவிட்டது என்று நொந்துகொண்டார். இனிக் கல்லூரி எங்கே? காலமெல்லாம் முக்காலியும் கொக்கியும்தான். ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனாலும் அப்பனே சொல்லிக் கொடுத்த பொய்யைச் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்று கொஞ்சம் பெருமையாகவும், அதைவிட வெட்கமாகவும் இருந்தது.

அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். மகளின் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து மறுபடி ஆரம்பித்தாள். அதற்குமேல் விளக்கைப் பார்க்கத் தையல்காரருக்குத் தெம்பில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“சார், உங்க பொண்ணு இவ்வளவு நேரமா என்னை ஏமாத்திட்டு இருந்திருக்கா.”

அவர் பதறி எழுந்தார். “அவ மேல தப்பே இல்லைங்க. நான்தான் சொல்லிக் கொடுத்தேன், சத்தம் கேட்டாலும் அமுக்காதன்னு. ஃபீஸ் கட்ட எனக்கு வேற வழி தெரியலைங்க. ஆனா அவ நான் சொன்னபடி செய்யல பாருங்க. நேர்மையா எல்லாத்தையும் அமுக்கிட்டா. என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க.”

அந்தப் பெண் இல்லை என்று தலையசைத்தாள்.

“சத்தம் வைக்க மெஷினைத் தட்டுற என் கையைப் பாத்து அவ அமுக்கிட்டு இருந்தா சார். சந்தேகம் வந்து, சத்தத்தை நிறுத்திட்டுக் கையை மட்டும் அசைச்சேன். அதுக்கும் அமுக்குனா. திருப்பி உக்கார வெச்சு, இருக்கிற முழுச் சத்தத்தையும் வெச்சுப் பாத்தேன். விளக்கு ஒரு தடவைகூட எரியல. கட்டணத்தைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம். முழுசாவே கிடைக்கும்.”

“இல்லைங்களே, நான் பேசறதுக்கெல்லாம் சிரிப்பாளே மேடம்?”

“உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டிருப்பா. கொஞ்சம் கொஞ்சமா கேக்காமப் போயிருக்கு. உங்களுக்குத் தெரிய வேணாம்னு நினைச்சிருப்பா. இங்கேயும் நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுக்காகத்தான் அமுக்கியிருக்கா.” அவள் சற்று யோசித்தாள். “அது சரி, பட்டனை அமுக்காதன்னு அவகிட்ட எப்படிச் சொன்னீங்க?”

“அதுவா, யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு அவ காதுல ரகசியமா...” என்று தொடங்கிய தையல்காரர், அதற்குமேல் பேச முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.