மதிலடிக் காணி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக்கே என் சுவிஸ் வதிவிடப் பெர்மிட்டைப் பறித்துக்கொள்ளட்டும்! அவ்வளவும் சத்தியம்.

அந்த வருசம் சித்திரையிலேயே கோடை வந்துவிட்டது. சோலோதுர்னுக்குப் பக்கத்தில் வேர்னரின் பண்ணையில் பாலைக் கறந்த சூட்டோடு தேயிலையைப் போடலாம். அதற்கு முந்தின வருசம் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அவிந்து கிடந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் மட்டும் நாங்கள் கொண்டுபோனோம்.

வேர்னரின் மனைவி திரேசா. மாடும் சந்தையும் அவள் பொறுப்பு, வயல் அவன் பொறுப்பு. அங்கே வேலை செய்கிற என் மனுசி தில்லைநாயகிதான் அவளுக்கு யோசனை சொன்னாள்.

"காலநிலை மாறிப்போச்சு திரேசா. இந்த வெயிலுக்கு எங்கட வெண்டி நல்லா வரும்."

திரேசா போய்ப் புருசனிடம் கேட்டாள்.

"மாறுறதாவது! என்ர அப்பர் காலத்திலயும் வெயில் எறிச்சதுதான்" என்றான் வேர்னர். டொச் மொழியில் அவன் சொன்னது இன்னும் மோசம், நான் கழுவித் தருகிறேன். "சரி, ஒரு வருசம் நட்டுப் பார். பட்டுப்போச்செண்டால் பிறகு இந்தப் பண்ணையில கிழங்கு மட்டும்தான். வேற கதை கதைக்கக்கூடாது."

"ஓம். அப்ப ஆத்தங்கரைக் காணியைத் தா."

ஆற்றங்கரை நல்ல கறுத்த மண். தண்ணீரும் கிட்ட.

"அது என்ர கிழங்குக்கு. மேல மதிலடி சும்மாதானே கிடக்கு, அதில நடுங்கோ."

மேட்டிலே, பழைய கல்மதில் ஓரம். மண்வெட்டியைப் போட்டால் நெருப்புப் பொறி பறக்கும்.

தில்லைநாயகி கொதித்துப்போனாள். "கட்டின மனுசிக்குக் குடுக்கிற காணியே இது? நல்லதைத் தான் வச்சுக்கொண்டு கல்லைக் குடுக்கிறான், கஞ்சன்!"

தமிழில்தான் ஏசினாள். வேர்னர் "யா, யா" என்று தலையாட்டினான். திரேசா அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பதையே விட்டுவிட்டாள்.

இரண்டு பெண்களும் கல்லைப் பொறுக்கினார்கள், வாளியில் தண்ணீர் சுமந்தார்கள், கன்றுகளை நட்டார்கள்.

மே மாதம் ஒருநாள் விடிய, போன குளிர் திரும்பி வந்தது. ஆற்றங்கரை முழுக்க உறைபனி. வேர்னரின் கிழங்குச் செடி அவ்வளவும் கறுத்துச் சுருண்டு போயிற்று. பெண்கள் அடித்துப்பிடித்து மேட்டுக்கு ஓடினார்கள்.

ஒரு வெண்டிக்கன்றுகூட வாடவில்லை!

பிறகு கோடையில் அது வளர்ந்த வளர்த்தி! காலையில் விரலளவு, மத்தியானம் முழங்கையளவு. கத்தியோடு ஓடினால்தான் பிடிக்கலாம். திரிம்பாக் ஊரில் எங்கள் தமிழ்க் கோயில் திருவிழாவுக்குக் கொண்டுபோன கூடையெல்லாம் தேர் இழுக்க முன்னமே காலி.

"கண்டியோ வேர்னர்? கல்லைத் தந்தாய், காய் வந்துது!" என்று திரேசா கனநாளைக்குப் பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றபடி அவன் வெண்டிக்காய்க் கறியை இன்னொருதரம் போட்டுக்கொண்டான்.

அன்றைக்கே மாட்டுக்கொட்டிலில் அவனைப் பிடித்தேன்.

"ஏனடாப்பா மனுசிக்குப் போய் அந்தக் காணியைக் குடுத்தனி?"

வெளியே எட்டிப் பார்த்தான். ஒருவரும் இல்லை.

"குளிர் வந்து பள்ளத்திலதான் தேங்கும். மதில் பகல் வெயிலைப் பிடிச்சு வச்சு இரவில விடும். இந்தப் பண்ணையில வெண்டி தப்புற ஒரே இடம் அதுதான். ஆத்தங்கரையைக் குடுத்திருந்தா மே மாசமே அவள் தோத்திருப்பாள்."

"அட, இதை அவளிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"கிழங்குக்கு இனி இந்த வெயில் சரிவராது எண்டு எனக்குத் தெரியாதோ? அவள் வெல்லவும் வேணும், என்ர வீம்பு தப்பவும் வேணும்!"

வாசிச்சதோடு விட்டுவிடுங்கோ. ஆர் சொன்னது என்று திரேசா கேட்டால், என்னைக் கண்டதே இல்லை என்று சொல்லிப்போடுங்கோ.