சனிக்கிழமைத் தோட்டக்காரர்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மனைவி கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டு, "தக்காளி வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினால் எந்தக் கணவனுக்குத்தான் வயிறு எரியாது?

அதுவும் அந்தக் கணவர் சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி கொள்முதல் அதிகாரியாக இருந்தால்?

"நம்ம கடையில இல்லாத தக்காளியா? ஒரு போன் பண்ணினா வாசலுக்கே வரும்."

"உங்க கடைக் காய் மூணு நாள் ஐஸ் லாரியில வருது. இது தோட்டத்துல இன்னிக்குக் காலையில பறிச்சதுங்க."

"அதுக்காக ரெண்டு பஸ் மாறிப் போவியா?"

"நின்னுக்கிட்டா போறேன், உட்கார்ந்துதானே போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மூன்று மாதமாக இதே கதை. திரும்பி வரும்போது செருப்பெல்லாம் மண், பையெல்லாம் காய், பேச்செல்லாம் தோட்டக்காரர்.

"தோட்டக்காரர் சொன்னாரு, பீன்ஸை ஒடிச்சா டப்புன்னு சத்தம் வரணுமாம்."

"தோட்டக்காரருக்குப் பாட்டெல்லாம் வருதுங்க. அவரே பாடிக்கிட்டுத் தண்ணி பாய்ச்சறாரு."

ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அவள் பேச்சில் பதினொரு தடவை தோட்டக்காரர் வந்துவிட்டார். கணவர் எண்ணிக்கொண்டே சாப்பிட்டார்.

காய் மட்டமாக இருந்திருந்தாலாவது ஆறுதல் கிடைத்திருக்கும். வெள்ளரிக்காய்க்கு இப்படி ஒரு ருசி உண்டா என்று அவருடைய நாக்கே கேட்டது. அந்த எரிச்சல் தனி.

போட்டிக்கு அவரும் கடையிலிருந்து ஒரு தட்டு தக்காளி பொறுக்கிக்கொண்டு வந்தார். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பளபளப்பு.

"அழகா இருக்குங்க" என்று ஃப்ரிட்ஜில் வைத்தாள். ஒரு வாரம் அங்கேயே அழகாக இருந்தது.

போதாக்குறைக்குக் கடையின் குளிர் அறைப் பொறுப்பாளர் வேறு.

"என்ன சார், ஊருக்கெல்லாம் நாம காய் போடறோம், உங்க வீட்டம்மா ஊருக்கு வெளியே போய் வாங்கறாங்களாமே? என் சம்சாரம் பஸ்ல பார்த்தாளாம்."

"ஏதோ தோட்டமாம். உடம்புக்கு நல்லதுன்னு..."

"நல்லதுதான் சார். தோட்டக்காரருக்கு வயசென்ன?"

அந்தக் கேள்வி சட்டைக்குள் புகுந்த எறும்பு மாதிரி வாரம் முழுக்கக் கடித்தது.

அடுத்த சனிக்கிழமை லீவு போட்டார். பஸ்ஸைப் பின்தொடர்ந்து ஸ்கூட்டரில் போனார். தோட்டத்துப் பம்ப் அறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

தோட்டக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அகன்ற தோள். தலை நிறைய முடி. இவருடைய கை தானாகத் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டது.

தோட்டக்காரர் ஒரு தக்காளியை இரண்டாக அறுத்துப் பாதியை நீட்டினார். அவள் கடித்தாள். சாறு முகவாயில் வழிந்தது. சிரித்தாள். வீட்டில் அவள் இப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது.

அவ்வளவுதான். வெளியே பாய்ந்தார்.

"நல்லா இருக்கு! ரொம்ப நல்லா இருக்கு!"

அவள் திரும்பினாள். "ஏங்க, நீங்களா! ஸ்கூட்டர்லயா வந்தீங்க? சொல்லியிருந்தா நானும் பின்னால உட்கார்ந்து வந்திருப்பேனே. பஸ்ல ஒரே கூட்டம்."

பிறகு சற்றுத் தயங்கி, தோட்டக்காரரிடம் சொன்னாள்: "இவருதாங்க எங்க வீட்டுக்காரர்."

தோட்டக்காரர் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். இவர் ஓங்க நினைத்த கையையும் சேர்த்து இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா சார்! உங்களை ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னு அக்காகிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன்!"

அக்காவா?

"மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு வண்டி வெள்ளரிக்காய் உங்க கடைக்கு அனுப்பினேன் சார். வளைஞ்சிருக்குன்னு மொத்தமும் திரும்பி வந்துடுச்சு. விவசாயமே வேண்டாம், நிலத்தை மனை போடறவங்களுக்குக் கொடுத்துடலாம்னு உட்கார்ந்துட்டேன். ரெண்டாம் நாள் அக்கா வந்து நின்னாங்க. கையில அந்த ரிட்டர்ன் சீட்டு. துணி துவைக்கும்போது உங்க சட்டைப் பையில இருந்துச்சாம். என் விலாசம் அதுல இருந்துச்சே."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து காய்களைப் பைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பையிலும் அவர்கள் குடியிருப்பின் ஒரு வீட்டு எண்.

"அன்னைக்கு அக்கா மட்டும்தான் வாங்கினாங்க. இப்ப உங்க குடியிருப்புல பதினாலு வீட்டுக்கு என் காய்தான். அக்கா வந்து பார்த்துப் பிரிச்சு வைப்பாங்க, நான் வண்டியில கொண்டுபோய் இறக்கிடுவேன். மனைக்காரங்களை இனிமே இந்தப் பக்கம் வராதீங்கன்னுட்டேன் சார்."

"அந்தச் சீட்டுல... கையெழுத்து..." என்று இழுத்தார்.

"உங்க கையெழுத்துதான், தெரியும். அக்கா முதல் நாளே சொல்லிட்டாங்க. 'கடை விதி அப்படி, அவரால ஒண்ணும் பண்ண முடியலை. ஆனா அன்னைக்கு அவருக்கு வாயில சோறே இறங்கலைங்க. சீட்டைக் காட்டினதும், நீயாவது போய் அந்த மனுஷன்கிட்ட வாங்கிட்டு வான்னு அவருதான் என்னை அனுப்பினாரு'ன்னு."

மனைவி நிமிரவே இல்லை.

அது எந்த நாள் என்றே அவருக்குத் தெரியவில்லை. காய்களைத் திருப்பி அனுப்பிய எந்த நாளிலும் அவர் ஒரு கவளம்கூடக் குறைத்துச் சாப்பிட்டதில்லை.